பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எப்போது நோயாளிகள் ஆனார்கள்?

பால் குடித்தால் வயிறு ஊதுது, இரையுது, கொஞ்ச நேரத்தில் வயித்தாலடிக்குது எண்டு சொல்லுற ஒராளாவது எங்கட ஒவ்வொரு வீட்டிலயும் இருப்பார். பழைய ஆக்கள் அதைப் ‘பலவீனமான வயிறு’ என்பார்கள். இணையத்தில் தேடிப் படித்தவர்கள் ‘லக்ரோஸ் இன்ரொலரன்ஸ்’ என்பார்கள். பெயர் வேறே தவிர, இரண்டிலும் உள்ள செய்தி ஒன்றுதான். பால் எல்லாருக்கும் ஒத்துவரவேண்டிய சாமான், உனக்குத்தான் ஏதோ குறை.

இந்தக் குறையைக் குறை என்று முதலில் சொன்னது யார்? எப்போது? எந்த மனிதர்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு? இதைத் தேடிப் போனபோது நாங்கள் எதிர்பார்க்காத ஒரு கதை கிடைத்தது. மருத்துவத்தில் இந்தக் ‘குறை’க்கு வயது 60 சொச்சம்தான். அதுவும் கொஞ்ச வருடத்துக்குள்ளேயே தலைகீழாகப் போன ஒரு கருத்து.

பால் மறக்கும் உடம்பு

முதலில் உயிரியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

பாலில் இருக்கும் சீனிக்குப் பெயர் லக்ரோஸ். பசுப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். தாய்ப்பாலில் 7 கிராம் அளவு. இது குளுக்கோசும் கலக்ரோசும் சேர்ந்த இரட்டைச் சீனி. சேர்ந்தபடியே இருந்தால் குடல் அதை உறிஞ்சாது. அதை இரண்டாக வெட்டுகிற வேலையை, சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லக்ரேஸ் என்ற நொதியம் செய்கிறது. நொதியம் போதாவிட்டால் லக்ரோஸ் வெட்டுப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே தண்ணீரையும் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும். பெருங்குடலில் வாழும் பக்ரீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். ஊதலும் இரைச்சலும் வயிற்றோட்டமும் வருவது இப்படித்தான்.

பாலூட்டி விலங்குகளில் குட்டிகளுக்கு லக்ரேஸ் நிறையச் சுரக்கும். தாய்ப்பாலை விட்டு வேறு உணவுக்குப் போனபிறகு குறைந்துவிடும். பூனைக்கும் நாய்க்கும் அப்படி, பெரும்பாலான மனிதருக்கும் அப்படி. குழந்தை ‘பால் மறந்திட்டுது’ எண்டு எங்கட ஊரில சொல்லுவோம். உடம்பும் அதைத்தான் செய்கிறது. உலகம் முழுவதிலும் இருந்த ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலக மக்களில் 68 சதவீதம் பேருக்கு லக்ரோசை முழுமையாகச் சமிபாடடையச் செய்ய முடியாது. அதாவது மூன்றில் இரண்டு பேர்.

மூன்றில் இரண்டு பேருக்கு இருக்கும் ஒன்றுக்கு ‘குறைபாடு’ என்ற பெயர் எப்படி வந்தது?

பால் குடிப்பவன் காட்டான்

ஒரு காலத்தில் கதை வேறு மாதிரி இருந்தது. பண்டைய கிரேக்கருக்கும் உரோமருக்கும் பச்சைப்பால் குடிப்பது நாகரிகம் தெரியாதவர்களின் பழக்கம். ஹோமரின் இலியட்டிலேயே வடக்கே வாழும், குதிரைப்பால் கறந்து குடிக்கும் கூட்டத்தார் வருகிறார்கள். யூலியஸ் சீசர் பிரித்தானியர்களைப் பற்றி எழுதும்போது, உள்நாட்டில் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் தானியம் விதைப்பதில்லை, பாலையும் இறைச்சியையும் கொண்டு வாழ்கிறார்கள், தோலை உடுத்துகிறார்கள் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார். மத்தியதரைக் கடலோரத்தில் பாலின் இடம் பெரும்பாலும் பாற்கட்டியாகத்தான் இருந்தது.

சீசரின் கண்ணில் காட்டான்களாகத் தெரிந்த அதே வட ஐரோப்பியரின் வழிவந்தவர்கள், இருபது நூற்றாண்டுகளுக்குப் பிறகு உலக மருத்துவத்தை எழுதும் இடத்துக்கு வந்தார்கள். அவர்கள் குடித்த பால் இயல்பான உணவானது, அவர்கள் வயிறு இயல்பான வயிறானது. அளவுகோல் மாறியது அங்கேதான்.

மருத்துவப் புத்தகத்துக்குள் நுழைந்த ‘குறைபாடு’

1959இல் ஹோல்சல், ஷ்வார்ஸ், சட்கிளிஃப் என்ற மூவர், லக்ரோசை உறிஞ்ச முடியாமல் மெலிந்துபோன குழந்தைகளைப் பற்றி ‘லான்செற்’ ஆய்விதழில் எழுதினார்கள். பிறப்பிலேயே லக்ரேஸ் இல்லாமல் பிறப்பது மிக அரிது, கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை நோய் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

1963இல் ஆர்னே டால்க்விஸ்ற் முதலானோரும், அதே ஆண்டில் வேறொரு குழுவும், வளர்ந்தவர்களிலும் லக்ரேஸ் குறைந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். அப்போது இதுவும் எங்கேயோ ஒருவருக்கு வரும் அபூர்வமான கோளாறு என்றுதான் எண்ணப்பட்டது. குழந்தையின் நோய்க்கு வைத்த ‘குறைபாடு’ என்ற பெயரே வளர்ந்தவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த எண்ணம் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 1965இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பெட்ரோ குவாட்ரகாசாஸ் குழுவினரும், 1966இல் தியடோர் பேலெஸ், நோர்ட்டன் ரோசென்ஸ்வைக் இருவரும், கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பரிசோதித்த கறுப்பின ஆண்களில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேருக்கு லக்ரேஸ் குறைவு. வெள்ளையரில் பத்தில் ஒருவர் அளவில்தான். 1966 கட்டுரையின் தலைப்பிலேயே ‘இன வேறுபாடு’ என்ற சொல் இருந்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள். எடுகோள் வெள்ளையரின் வயிறு, அதிலிருந்து விலகுவது குறை என்ற வரிசையில்தான் இந்தத் தரவுகளும் முதலில் வாசிக்கப்பட்டன. ஆனால் பிறகு ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் ஒவ்வொன்றாக முடிவுகள் வரவர, விலகி நிற்பது யார் என்ற கேள்வியே மாறிப்போனது.

இதில் எங்களைக் கவர்ந்தது நைஜீரிய ஆய்வு. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நோர்மன் கிரெச்மரும் நைஜீரியக் குழந்தைநல மருத்துவர் ஒலிகொயே ரான்சம்-குட்டியும் சேர்ந்து செய்தது. பாடகர் ஃபேலா குட்டியின் அண்ணன்தான் இந்த மருத்துவர். 1985இல் நைஜீரியாவின் சுகாதார அமைச்சரானவரும் இவரே. ஒரே நாட்டில், ஒரே நிறத் தோலோடு வாழும் மக்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருப்பதை அவர்கள் கண்டார்கள். பயிர்ச்செய்கை செய்யும் யொரூபா மக்களில் வளர்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் லக்ரோஸ் சமிபாடடையவில்லை. மாடு மேய்த்து அலையும் ஃபுலானி மக்களில் பெரும்பாலானோருக்குச் சமிபாடடைந்தது. அப்ப, ‘கறுப்பர், வெள்ளையர்’ என்ற கோடு இதை விளக்காது. யாருடைய முன்னோர் பல தலைமுறையாக மாட்டோடு வாழ்ந்தார்கள் என்பதுதான் விளக்கும். புவியியலாளர் ஃபிரெடெரிக் சிமூன்ஸ் 1969, 1970ஆம் ஆண்டுகளில் உலக வரைபடத்தை வைத்துச் சொன்னதும் இதைத்தான்.

2002இல் பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வளர்ந்த பிறகும் லக்ரேஸ் நின்றுபோகாமல் இருப்பதற்குக் காரணமான ஓரெழுத்து மாற்றத்தை மரபணுத் தொடரில் கண்டுபிடித்தார்கள். 2007இல் சாரா டிஷ்கோஃப் குழுவினர் தன்சானியா, கென்யா, சூடான் மேய்ச்சல் மக்களிடம் அதே விளைவைத் தரும் வேறு மாற்றங்களைக் கண்டார்கள். மாட்டோடு வாழ்ந்த மக்களிடம், வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக ஏற்பட்ட விகாரங்கள் இவை. ஆகவே விஞ்ஞானத்தின் சொல்லும் மாறியது. இப்போது ஆய்வுக் கட்டுரைகள் பெயர் வைத்து விளக்குவது ‘லக்ரேஸ் நீடிப்பு’ என்ற விதிவிலக்கை. ஆனா சனத்தின்ர வாயில இண்டைக்கும் ‘குறைபாடு’தான்.

வயிறு மாறும் முன்பே பானை மாறிவிட்டது

பாலைச் சமிபாடடையச் செய்யும் மரபணு வந்தது, பிறகு மனிதர் பால் குடித்தார்கள் என்று நினைப்பது இலகு. வரலாறு அப்படி நடக்கவில்லை.

இன்றைய துருக்கியின் வடமேற்கில் கிடைத்த, கிட்டத்தட்ட 9,000 வருடம் பழைய பானை ஓடுகளில் பால் கொழுப்பின் எச்சம் இருக்கிறது. ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, 550க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்களிலிருந்து 13,000க்கு மேற்பட்ட ஓடுகளின் தரவைப் பார்த்தது. ஐரோப்பாவில் மனிதர் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லக்ரேஸ் நீடிப்பு மரபணுவோ கி.மு. 1000 அளவில்தான் பரவலாகிறது. அதற்கிடையில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற வயிறுக்காரர்தான். ஆரோக்கியமான நேரத்தில் அது பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது, பஞ்சமும் தொற்றுநோயும் வந்தபோதுதான் வயிற்றோட்டம் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போயிருக்கும், அப்போது மரபணு உள்ளவர்கள் கூடுதலாகத் தப்பியிருப்பார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

அதுவரை எப்படிச் சமாளித்தார்கள்? புளிக்கவைத்தார்கள். மொங்கோலியாவைப் பாருங்கள். குதிரை, மாடு, யாக், ஆடு, ஒட்டகம் என்று எல்லாவற்றிலும் பால் கறக்கும் நாடு. ஆனால் மக்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு அந்த மரபணு இல்லை. குதிரைப்பாலை ‘ஐராக்’ என்ற புளித்த பானமாக்கி, மற்றப் பாலைத் தயிராக்கி, கட்டியாக்கி உலர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். வெட்டவேண்டிய சீனியில் நல்ல பங்கை, வாய்க்குப் போகும் முன்பே நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடுகின்றன.

எங்களிடமும் இந்த அறிவு உண்டு. சங்க இலக்கியத்தின் முல்லை நிலத்து ஆயர்களைப் பற்றி வாசித்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் தயிர் கடைகிறாள், மோரை விற்றுத் தானியம் வாங்குகிறாள். நெய்யை விற்கும்போது பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கெட்ட சகுனமாக வருவது, குடத்துப் பால் உறையாமல் போவது. பால் என்றால் உறையவேண்டிய பொருள் என்பதுதான் அந்த வாழ்க்கையின் கணக்கு.

தெற்காசியாவிலும் பால் மரபணு உண்டு. இந்திய மக்களிடம் 2012இல் வெளியான விரிவான ஆய்வு, ஐரோப்பாவில் உள்ள அதே மாற்றம் இங்கும் இருப்பதையும், வடமேற்கில் கூடுதலாக இருந்து தெற்கும் கிழக்கும் வரவரக் குறைவதையும் காட்டியது. இன்னொன்றையும் சொல்லவேணும். எங்கட குசினியில ‘பால்’ எண்டா பாதி நேரம் தேங்காய்ப்பால்தான். சொதியின் பாலும் பாலப்பத்தின் பாலும் தேங்காயிலிருந்து வருவது. அதில் லக்ரோஸ் ஒரு துளியும் இல்லை.

பால்மா வந்த வழி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கொழுப்பு நீக்கிய பால்மா தேவைக்கு மிஞ்சிக் கிடந்தது. 1946இல் தொடங்கிய யுனிசெப்பின் ஆரம்பகால வேலைகளில் பெரிய பங்கு பால் கொடுப்பதுதான். 1954இல் அமெரிக்கா கொண்டுவந்த உணவு உதவிச் சட்டத்தின் கீழும் ஏழை நாடுகளுக்குப் பால்மா போனது. பசித்த பிள்ளைகளுக்கு அதனால் நன்மை கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால், பால்மா ஏற்றுமதியாகும் நாடுகளில் பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு லக்ரோஸ் ஒத்துவராது என்பது 1960களின் கடைசியில் தெரியவந்தபோது, இதை நிறுத்தவேண்டுமா என்ற சண்டை எழுந்தது. ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு 1972இல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் பால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யாது, ஆகவே நிறுத்தத் தேவையில்லை என்றது. மறுபக்கம், 1974இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு கலிபோர்னியப் பால் உற்பத்தியாளர்களின் ‘ஒவ்வொரு உடம்புக்கும் பால் தேவை’ என்ற விளம்பர வாசகத்தைக் கேள்விக்குட்படுத்தியது. அவர்கள் அதை ‘எல்லாருக்கும் ஏற்ற ஏதோவொன்று பாலில் உண்டு’ என்ற பொருளில் மாற்றிக்கொண்டார்கள்.

இலங்கையிலும் அளந்து பார்த்தார்கள். பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரையன் செனவிரத்னவும் சக மருத்துவர்களும் செய்த ஆய்வு 1977இல் வெளியானது. தமிழர் உரிமைக்காகக் குரல்கொடுத்த சிங்களவராக இந்தப் பெயர் எங்களில் கனபேருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட இலங்கையரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் லக்ரேஸ் குறைந்திருந்தது.

அதே 1977இல்தான் திறந்த பொருளாதாரமும் வந்தது. இன்று நாங்கள் குடிப்பதில் பெரும்பகுதி இறக்குமதிப் பால்மா, அதிலும் முக்கியமாக நியூசிலாந்துப் பால்மா. 2021, 2022இல் டொலர் இல்லாமல் பால்மா கிடைக்காமற்போனபோது வரிசையில் நின்ற சனத்தை எல்லாரும் பார்த்தோம். கைக்குழந்தைக்குப் பால் தேடிய தாயின் தவிப்பு ஒரு பக்கம். வளர்ந்தவர்களுக்கும் பால்மா இல்லாவிட்டால் சத்தே இல்லை என்ற பயம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பயம் வரலாற்றில் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குதுதானே.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

சோதனைகளுக்கும் வரலாறு உண்டு. தொடக்கத்தில் ஒரு குழாயோடு சேர்ந்த சிறு கப்சூலை விழுங்கவைத்து, சிறுகுடலின் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து நொதியத்தை அளந்தார்கள். பிறகு, வெறும் வயிற்றில் 50 கிராம் லக்ரோசைக் குடிக்கவைத்து, இரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடாவிட்டால் லக்ரோஸ் வெட்டுப்படவில்லை. ஆனால் 50 கிராம் என்றால் ஒரு லீற்றர் பாலில் இருக்கும் அளவு. வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஒரு லீற்றர் பால் குடிப்பவர் எங்கே இருக்கிறார்?

இன்று கூடுதலாகப் பயன்படுவது மூச்சுச் சோதனை. 1960களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிற் போன்றவர்களின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. மனித உயிரணு எதுவும் ஐதரசன் வாயுவை உண்டாக்காது. பெருங்குடல் பக்ரீரியாக்கள்தான் உண்டாக்கும். அது இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். ஆகவே இரவு பட்டினி இருந்து, காலையில் 25 அல்லது 50 கிராம் லக்ரோஸ் குடித்து, சில மணித்தியாலங்களுக்கு இடைக்கிடை ஊதவேணும். ஐதரசன் தொடக்க அளவைவிடப் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேல் கூடினால் லக்ரோஸ் சமிபாடடையவில்லை என்று எடுப்பார்கள். முதல்நாள் கடலை, பருப்பு சாப்பிட்டாலும், அண்மையில் அன்ரிபயொற்றிக் எடுத்திருந்தாலும் முடிவு பிழைக்கும்.

கவனிக்கவேண்டியது, சமிபாடடையாமை வேறு, ஒத்துக்கொள்ளாமை வேறு. லெவிற்றும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பால் கடுமையாக ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாகச் சொன்ன 30 பேரை எடுத்தார்கள். சோதித்தால் அதில் 9 பேருக்கு லக்ரோஸ் ஒழுங்காகச் சமிபாடடைந்தது. மற்ற 21 பேருக்கும்கூட, எது எதுவென்று சொல்லாமல் ஒரு வாரம் சாதாரணப் பாலும் இன்னொரு வாரம் லக்ரோஸ் வெட்டிய பாலும் நாளுக்கு ஒரு கோப்பை, அதுவும் காலைச் சாப்பாட்டோடு கொடுத்தபோது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

‘குறைபாடு’ என்ற சொல்லின் இரண்டாவது பாதிப்பு இதுதான். ஒரு பக்கம், முடியாத பிள்ளையை வற்புறுத்திக் குடிக்கவைக்கிறோம். இன்னொரு பக்கம், இணையத்தில் பெயரைக் கண்டவுடன் தயிர், மோர் எல்லாத்தையும் விட்டுவிடுகிறோம்.

சரி, என்னதான் செய்யிறது?

மூச்சுச் சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. வீட்டிலேயே செய்யக்கூடியது, இரண்டு கிழமை பாலையும் பால் சேர்ந்த சாமான்களையும் நிறுத்திப் பார்ப்பது. தொல்லை குறைந்தால், கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கி எந்த அளவில் வயிறு முறைப்பாடு சொல்லுது என்று பார்க்கலாம்.

லக்ரேஸ் குறைந்த பெரும்பாலானோர் ஒரு நேரத்தில் 12 கிராம் வரை, அதாவது ஒரு கோப்பைப் பால் அளவுக்கு, பெரிய தொல்லை இல்லாமல் தாங்குவார்கள். முழுக்கொழுப்புப் பால்மாவில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைய லக்ரோஸ். 10 கிராம் மா போட்ட ஒரு பால் தேத்தண்ணியில் 4 கிராம்கூட வராது. வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு குடிப்பது இன்னும் நல்லது. தயிரில் லக்ரோஸ் ஒரு பங்கு குறைந்துவிடும், மிச்சத்தைச் செரிக்க அதிலுள்ள உயிருள்ள பக்ரீரியாக்கள் குடலுக்குள்ளும் உதவும். நெய்யிலும் முற்றிய பாற்கட்டியிலும் கிட்டத்தட்ட இல்லை. ஆட்டுப்பாலில் லக்ரோஸ் இல்லையென்பது பிழையான கதை. லக்ரேஸ் குளிசையும் லக்ரோஸ் நீக்கிய பாலும் கடைகளில் உண்டு, ஆனால் விலை கூட. பாலை அடியோடு விடுபவர்கள் கல்சியத்துக்கு வழி பார்க்கவேணும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, எள்ளு, குரக்கன், கீரை எல்லாம் எங்கட சந்தையிலேயே இருக்கு.

சில எச்சரிக்கைகள். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் என்று தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கடும் வயிற்றோட்டத்துக்குப் பிறகு தற்காலிகமாக லக்ரேஸ் குறையலாம், குடல் ஆறினால் திரும்பும். பால் பட்டவுடன் உடம்பு தடிப்பது, வாய் வீங்குவது, மூச்சு முட்டுவது ஒவ்வாமை. அது பால் புரதத்தால் வரும் வேறு விசயம், ஆபத்தானது. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, காய்ச்சல், நித்திரையைக் குழப்பும் வயிற்றோட்டம் இருந்தால் பாலைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் போகவேணும்.

மற்றப்படி, பால் ஒத்துக்கொள்ளாத உங்கட வயிறு பழுதான வயிறு அல்ல. மனிதரில் பெரும்பான்மையோரின் வயிறு அது. வீட்டில் அடுத்தமுறை ஒரு பிள்ளை பால் வேண்டாமென்று தம்ளரைத் தள்ளிவைத்தால், அதட்டுவதற்கு முதல் ஒரு கிண்ணத்தில் தயிரை வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.